மன்னவனூர் சாலையும் எஞ்சினின் காற்றும்

கொடைக்கானலுக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மன்னவனூர். சென்னைக் கடற்கரையில் 1,013 மில்லிபார் அளவில் நிற்கும் காற்றழுத்தம் அங்கே 795-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. மலைக்குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவதால் அந்த இழப்பு முழுவதும் எஞ்சின் மேல் விழுவதில்லை. ஆனாலும் 35 டிகிரி வெயிலில் கடற்கரைச் சாலையில் ஓடும் கார் உறிஞ்சும் காற்றில் ஆறில் ஒரு பங்கு, 15 டிகிரிக் குளிரில் மன்னவனூர் ஏரிக்கரையில் அதற்குக் கிடைக்காது. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் எஞ்சினின் வலிமையும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரை மாட்டுவதற்கு இந்தக் கணக்குதான் நியாயமாகச் சொல்லப்படுகிறது. மாட்டிய பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பானெட்டுக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் வருகிறது. உறுமலைக் கேட்டதும் வண்டி நன்றாக இழுக்கிறது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. இந்த முடிவு தவறு என்பதற்கு வலுவான சாட்சி கொடைக்கானல் மலைச்சாலையின் நூறாண்டு வரலாறுதான். உயரத்தில் எஞ்சினுக்குக் காற்று தேடிய முயற்சிகளில் பலன் தந்தவை எதுவும் உறுமலைக் கூட்டித் தரவில்லை. பெரும்பாலானவை அதை அடக்கவே செய்தன. ஓசையும் வலிமையும் சேர்ந்து வந்த இடம் ஒன்று உண்டு. அது பந்தயக் களம். அங்கிருந்து ஓசையை மட்டும் பிரித்தெடுத்து மலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்த வரலாற்றை மோட்டாருக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போக வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து ஒரு குதிரைப்பாதை மேலேறியது. வசதி உள்ளவர்கள் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து போனார்கள், கூலியாட்கள் சுமந்தார்கள். நீடித்து உழைக்கும் ஒரு மனிதரால் தரக்கூடிய வலிமை குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்குதான். நான்கு பேர் தோள் கொடுத்தாலும் அரைக் குதிரைத்திறன் தேறாது. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு மலையூரே உருவானது. 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, அந்த நிலையத்துக்கே கொடைக்கானல் ரோடு என்ற பெயர் நிலைத்த பின்னும், மலையேறும் பகுதி மனிதத் தோளையே நம்பியிருந்தது. மேஜர் லா அளந்து வகுத்த பாதை, அவர் பெயராலேயே லாஸ் காட் எனப்படுவது, 1914-இல்தான் முடிந்தது. 1916-இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. வத்தலக்குண்டிலிருந்து டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று இன்றும் வண்டிகள் ஏறுவது அந்தத் தடத்தில்தான். கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை எனப் போகும் மேல்மலைக் கிராமங்களுக்கு மோட்டார் சாலை வந்தது அதற்கும் வெகு பின்னால். அதுவரை பூண்டும் உருளைக்கிழங்கும் மட்டக்குதிரை முதுகில்தான் கொடைக்கானல் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

லாஸ் காட் திறந்த காலத்தில் உலகில் மிகுதியாக விற்ற கார் ஃபோர்டு மாடல் டி. 2.9 லிட்டர் எஞ்சின். தந்தது வெறும் 20 குதிரைத்திறன். மன்னவனூர் உயரத்தில் அதில் பதினாறோ பதினேழோதான் மிஞ்சும். அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஏர் ஃபில்டர் என்ற ஒன்றே கிடையாது. கார்புரேட்டரின் வாய் திறந்தே கிடக்கும். காற்றோடு தூசியும் நேரே சிலிண்டருக்குள் போகும். இன்று காசு கொடுத்து அடைய விரும்பும் திறந்த இன்டேக், அன்று எல்லா வண்டியிலும் இலவசமாகவே இருந்தது என்று சொல்லலாம். அதனால் அந்த எஞ்சின்கள் மலையில் நன்றாக ஏறினவா? இல்லை. மெல்லிய காற்றில் கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்க, கலவை கொழுத்து, பிளக்கில் கரி பிடித்து, வண்டி திணறியது. 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்த மூடி இல்லாத பழைய ரேடியேட்டர்கள் சமவெளியைவிட முன்னதாகவே ஆவி விட்டன. காற்று நுழையும் வாய் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது அன்றைய ஓட்டுநரின் கவலைப் பட்டியலில் இருந்திருக்க முடியாது. வெளியே இருக்கும் காற்றே மெலிந்தது. வாயை அகலத் திறப்பதால் அது அடர்த்தியாகிவிடாது.

திறந்த வாயை மூடச் செய்தது தூசிதான். முதல் உலகப் போருக்குப் பிறகு, புழுதியில் உழன்ற டிராக்டர்களிலும் ராணுவ வண்டிகளிலும் சிலிண்டர்கள் சீக்கிரம் தேய்ந்து போவதைக் கண்ட பொறியாளர்கள் காற்றைச் சுத்தம் செய்யும் வழிகளைத் தேடினார்கள். அப்படிப் பரவலானது ஆயில் பாத் ஏர் கிளீனர். உள்ளே வரும் காற்று ஒரு கிண்ணத்திலுள்ள எண்ணெய்மேல் மோதித் திரும்பும். திரும்பும் வேகத்தில் தூசி எண்ணெயில் விழுந்துவிடும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் இருந்தது இதுதான். அந்த ஜீப்பை 1947-க்குப் பிறகு மகிந்திரா இங்கே ஒன்றுசேர்த்து விற்கத் தொடங்கியபோது, அது மலைக் கிராமங்களின் வண்டியாகவே ஆனது. காற்றுக்கு ஒரு பெட்டி கட்டியதும் கூடவே இன்னொரு பலனும் கிடைத்தது. எஞ்சினின் வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் காற்றுக் குழாயில் ஓர் அழுத்த அலை வெளிநோக்கிக் கிளம்புகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 100 அலைகள். ஆண் குரலின் கீழ்ச்சுரத்தை ஒட்டிய அந்த அதிர்வுதான் உறுமலாகக் காதில் விழுகிறது. குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் உள்ள ஒரு கலம் எந்தச் சுரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். கார் செய்பவர்கள் அந்தக் கணக்கைக் கொண்டுதான் ஃபில்டர் பெட்டியின் கொள்ளளவையும், குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு காற்றறைகளையும் அமைக்கிறார்கள். ஒன்றுக்கும் உதவாத பிளாஸ்டிக் டப்பா என்று கழற்றி எறியப்படும் பெட்டி, தூசியையும் ஓசையையும் ஒருசேரப் பிடித்து வைக்க நூறு ஆண்டுகளில் செதுக்கி எடுத்த பொருள்.

எஞ்சின் எதை உள்ளே இழுக்கிறது என்ற கேள்வி மதுரைப் பக்கம் மிகக் கடுமையாக எழுந்தது இரண்டாம் உலகப் போரில். 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டு, பிறகு மதுரையைத் தலைமையிடமாக்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்து தன் வண்டிகளில் பொருத்தியது. மரக்கரியைப் போதாத காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்த வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். ஓடும், ஆனால் பெட்ரோலில் ஓடிய அளவுக்கு இழுக்காது. அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். சிலிண்டரின் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. ஆகவே வலிமையில் பெரும்பங்கு பறிபோகும். எஞ்சினின் வலிமை, உள்ளே போகும் ஆக்சிஜனின் எடையைப் பொறுத்தது என்ற உண்மையைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் புத்தகத்தில் படிக்காமல் பட்டறையிலேயே கற்ற காலம் அது. வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் வண்டி நின்றுபோகும் என்பதால், காற்றுவழியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது தினசரி வேலையாகவே இருந்தது. நம் ஊர் மோட்டார் தொழிலின் திறமை என்று நான் மதிப்பது இதைத்தான்: கிடைக்கிற குறைந்த காற்றையும் குறைந்த எரிபொருளையும் கொண்டு வண்டியை ஊர் சேர்ப்பது.

அந்தத் திறமையின் இன்னொரு வடிவத்தைக் கார்புரேட்டர் காலத்து மலைப் பட்டறைகளில் பார்க்கலாம். ஜீப், அம்பாசிடர், ஃபியட் எதுவானாலும், சமவெளிக்காக அமைத்த கார்புரேட்டர் மேல்மலையில் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். இதற்கு மருந்து காற்றுவாயைத் திறப்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். வேலை தெரிந்தவர்கள் அதற்கு நேர்மாறாக பெட்ரோலைக் குறைத்தார்கள். மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக மாற்றினார்கள். ஊசி வைத்த கார்புரேட்டரில் ஊசியைக் கொஞ்சம் இறக்கினார்கள். ஐட்லிங் திருகைச் சரிசெய்தார்கள். இருக்கிற காற்றுக்கு ஏற்ற அளவில் எரிபொருளை அடக்கியபோது கரும்புகை நின்றது, பிளக் வெளுத்தது, இழுவை திரும்பி வந்தது. போன வலிமை முழுவதும் திரும்பிவிடாது; கலவை கெட்டதால் கூடுதலாகப் போன பங்கு மட்டும் திரும்பும். எஞ்சினின் ஓசை இதனால் சீரானதே தவிரக் கூடவில்லை. டீசல் பஸ்களிலும் இதே சிக்கல் கரும்புகையாக வெளிப்பட்டது. 1972-இல் மதுரையில் தொடங்கிய பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் காலத்தில் டர்போ இல்லாத டீசல் எஞ்சின்தான் வழக்கம். மலை ஏற ஏற அதே டீசலுக்குக் காற்று போதாமல் புகை கக்கியது. ஓட்டுநர்கள் அதைக் கியரால் ஈடுகட்டினார்கள்: செகண்டிலும் ஃபர்ஸ்டிலும் மெதுவாக, கொண்டை ஊசி வளைவில் வேகத்தை விடாமல். மலைச்சாலை அவர்களிடமிருந்து கேட்டது பொறுமையைத்தான்.

உயரம் பறித்துக்கொண்ட வலிமையை முழுதாகத் திருப்பித் தந்தது டர்போசார்ஜர். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது மலையில் என்ன செய்யும் என்பதைக் காட்டியவர் அமெரிக்கர் சான்ஃபோர்டு மாஸ். 1918-இல் அவர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோ மாநிலத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குப் போனார். தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது. வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் அதன் வேலை. மெலிந்த காற்றை அந்த அளவுக்கு அடர்த்தியாக்க வேறு வழி இல்லை. அழுத்தித்தான் ஆக வேண்டும். கவனிக்க வேண்டியது, டர்போவின் சுழலும் இறகுகள் எஞ்சினின் அழுத்த அலைகளை உடைத்துவிடுவதால், டர்போ எஞ்சினின் காற்றோசை சாதாரண எஞ்சினைவிட அடங்கியதாகவே இருக்கும். 1982-இல் சென்னையில் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் இதை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கிய பிறகு, லாரியிலும் பஸ்ஸிலும் டர்போ மெல்ல மெல்லப் பொதுவானது. பெட்ரோல் கார்களிலோ 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. எனும் பெட்ரோல் பீய்ச்சு முறை வந்தது. காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. மெக்கானிக் ஜெட் மாற்றிச் செய்த வேலையை வண்டி தானே விநாடிக்கு விநாடி செய்கிறது. மன்னவனூரில் 1965 முதல் இருக்கும் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்துக்குப் போகும் சாதாரணக் கார்கூட இன்று இந்த இரு பெரிய தீர்வுகளில் ஒன்றையாவது சுமந்துகொண்டுதான் ஏறுகிறது.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் எழும். பந்தயக்காரர்கள் ஏன் காற்றுவழியைத் திறந்தார்கள்? அவர்களுக்குத் தெரியாதா? தெரியும், அதனால்தான் திறந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது; 1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வரும்வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் முகவரி சோழவரமே. அங்கே ஓடிய ஃபியட்டுகளிலும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளிலும் எஞ்சின் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் முழுதும் மிதிபட்ட நிலையிலேயே சுற்றும். ஓடுதளம் தட்டை, கடல் மட்டத்துக் காற்று, பந்தயம் சில சுற்றுகளில் முடியும், தேய்ந்த எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டுவார்கள். அந்தக் காலத்துக் குடும்பக் காரின் காற்றுவழியும் கார்புரேட்டரும் சிக்கனத்துக்காகக் குறுக்கப்பட்டவை. அவற்றைப் பெரிதாக்கினால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. குழாயின் நீளத்தை அலையின் வேகத்தோடு பொருத்தி, வால்வு திறக்கும் கணத்தில் அழுத்தம் வந்து சேரும்படி செய்யும் கலையும் உண்மையானது. 1960-இல் கிறைஸ்லர் நிறுவனம் 30 அங்குல நீளக் காற்றுக் குழாய்களைக் கார்களிலேயே பொருத்தி விற்றது. ஆக, ஓசைக்கும் வலிமைக்கும் உறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. உறவு குழாயின் நீளத்திலும் விட்டத்திலும் இருக்கிறது. பெட்டியைக் கழற்றுவதில் இல்லை.

பந்தய விதிகளே இதற்குச் சான்று. எஞ்சினின் வலிமையைக் கட்டுப்படுத்த நினைத்தவர்கள் காற்று நுழையும் துளையின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். ஃபார்முலா 3 கார்களின் 2 லிட்டர் எஞ்சின் 26 மில்லிமீட்டர் துளை வழியாக மட்டுமே காற்றை இழுக்கலாம் என்று விதித்தார்கள். 1995 முதல் உலக ராலிக் கார்களின் டர்போவுக்கு 34 மில்லிமீட்டர். காற்றே வலிமை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே காரணத்தால், தன் எஞ்சினுக்குத் தேவையானதைவிட அகலமான வழி ஏற்கெனவே இருக்கும் காரில் அதை மேலும் அகலமாக்குவதால் கிடைப்பது மிகக் கொஞ்சம். கோயம்புத்தூரின் எஸ்.கரிவரதன் 1988-இல் தொடங்கிவைத்த ஃபார்முலா மாருதி பந்தயம் இந்த வாதத்துக்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம். எல்லாக் கார்களுக்கும் மாருதி 800-இன் அதே சிறிய எஞ்சின். வேகத்தைத் தேட வேண்டிய இடம் எடைக் குறைப்பு, டயர், வளைவில் எடுக்கும் கோடு, ஓட்டுநரின் கால். அந்த 796 சி.சி. எஞ்சினில் ஓட்டப் பழகியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் நின்றார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் விட்டுச் சென்ற மரபு, உறுமலைப் பெரிதாக்கிய மரபாக இருக்கவில்லை.

இனி மன்னவனூர் சாலைக்கே அந்தக் கணக்கைக் கொண்டுவருவோம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் ஒன்று, நூறு மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஈர்ப்பு விசையையும் டயர் உராய்வையும் வெல்ல அதற்கு 15 அல்லது 16 குதிரைத்திறன் போதும். இன்றைய 1.2 லிட்டர் கார் சமவெளியில் 80 குதிரைத்திறன் தருவது. அந்த உயரத்தில் 65-க்குக் குறையாமல் மிஞ்சும். தேவைக்கு நான்கு மடங்கு இருக்கிறது. வளைவும் பனிமூட்டமும் எதிர்வரும் பஸ்ஸும்தான் அங்கே வேகத்தின் எல்லையை வகுக்கின்றன. இதில் இன்னொரு உண்மை ஒளிந்திருக்கிறது. 65-இல் 16-ஐ மட்டும் கேட்கும்போது ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரை அரைகுறையாகத்தான் மிதிக்கிறது. த்ராட்டில் தகடு பாதி மூடிக் காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் தரும் தடை கணக்கிலேயே வராது. முழுதும் மிதித்து ஓவர்டேக் செய்யும் நேரத்தை எடுத்துக்கொண்டாலும், நல்ல நிலையிலுள்ள காகித ஃபில்டரும் பெட்டியும் தடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் 20, 30 மில்லிபாருக்குள். உயரம் பறித்ததோ 218 மில்லிபார். அந்தச் சிறு தடையை அறவே நீக்கினாலும் மிச்சம் ஒன்றரை, இரண்டு குதிரைத்திறன். அதையும் கூம்பு ஃபில்டர் வேறு வழியில் செலவழித்துவிடுகிறது. கம்பெனி பொருத்திய குழாய் முகப்பு விளக்குப் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுத்துவரும். மறைப்பில்லாமல் மாட்டிய கூம்போ எஞ்சின் அனலில் காய்ந்த காற்றை இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தியில் 3 சதவீதம் போய்விடும். மெதுவாக ஏறும் மலைச்சாலையில் பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு என்பதால் 10 டிகிரி என்பது பெரிய எண்ணே இல்லை. லாபமாகக் கிடைத்தது அங்கேயே கரைந்துவிடுகிறது, மிஞ்சுவது ஓசைதான். எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் அது காற்றளவைச் சென்சாரில் படிந்து கலவையையே குழப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் மாட்டியவர்கள் வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியாகச் சொல்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. காது உடலின் வேக உணர்வை நடத்துகிறது என்பதைக் கார் நிறுவனங்கள் அவர்களுக்கு முன்பே அறிந்து வைத்திருந்தன. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 காரில் எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர் வழியாகவே உள்ளே ஒலிக்கச் செய்தார்கள். வேறு சில கார்களில் காற்றுக் குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாயை ஓட்டுநர் அறை நோக்கித் திருப்பி, மெல்லிய சவ்வு வழியே உறுமலை உள்ளே அனுப்பினார்கள். வலிமையைத் தனியாகவும் ஓசையைத் தனியாகவும் செய்து விற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. ஓசையைக் கூட்டினால் வண்டி வேகமாகப் போவதாகத் தோன்றும். கைக்கடிகாரம் வைத்து அளந்தால் அந்தத் தோற்றம் நிற்காது.

வலிமை வேண்டாம், ஓசையின் இன்பம் போதும் என்பவர்களின் வாதம் இதைவிட நேர்மையானது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓசையை ரசிப்பது தாழ்ந்த ரசனை இல்லை. நன்றாகச் சுற்றும் எஞ்சினின் குரலில் அதன் உடல்நலம் கேட்கும். பழைய மெக்கானிக்குகள் காதை வைத்தே வால்வு இடைவெளியைச் சொன்னார்கள். ஆனால் அந்த இன்பத்துக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டையும் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயும். மேல்மலைச் சாலை ஊர்களின் வழியாகவும், 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட காட்டின் வழியாகவும் போவது. மூடுபனியில் எதிரே எதுவும் தெரியாதபோது வளைவுக்கு அப்பால் வருவது பஸ்ஸா, மாட்டு மந்தையா, காட்டெருமையா என்று ஓட்டுநர் காதால்தான் அறிகிறார். சொந்த வண்டியின் உறுமல் முதலில் அடைப்பது அவர் காதையே. பஸ்ஸின் சத்தம் அதைவிடப் பெரிதில்லையா என்று கேட்கலாம். பெரிதுதான். அந்தச் சத்தத்துக்கு ஐம்பது பேர் ஊர் போய்ச் சேர்கிறார்கள். அதையும் குறைக்கத்தான் விதிகள் இறுகுகின்றன.

சட்டம் இதில் இரண்டு பக்கமிருந்து வருகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாக நிலைநாட்டியது. ஆர்.சி. புத்தகத்தில் ஏர் ஃபில்டர் பற்றிய வரி எதுவும் இல்லையே என்று சொல்லி இதில் நழுவ முடியும். 190-ஆம் பிரிவில் நழுவ முடியாது. ஓசை, புகை வரம்பை மீறிய வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 2019 திருத்தம் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் கோடைக் காலத்துக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. 1916-இல் ஒரு காரை மேலே கொண்டு சேர்ப்பதே சாதனையாக இருந்த சாலையில், இன்று எத்தனை கார்களைத் தடுப்பது என்பது கேள்வியாகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைப்பது அரசின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு காரின் ஓசையும் அதை ஓட்டுபவரின் கையில்.

ஆகவே மன்னவனூர் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏறுவதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். புழுதி அடைத்திருந்தால் புதியதைப் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அடைத்த ஃபில்டரை மாற்றினால் கிடைக்கும் இழுவை உண்மையான இழுவை. பிளக்கும் டயர்க் காற்றும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினைச் சுற்றவிட்டு ஏறுங்கள். இறக்கத்திலும் அதே கியரில் இறங்குங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். ஃபில்டர் பெட்டி அதன் இடத்திலேயே, மூடியும் கிளிப்புகளும் இறுக்கமாக, இருக்கட்டும்.